கொளஞ்சியம்மாள் பஸ்ஸின் கிளைமாக்ஸ்

பஸ்ஸுக்குள் டூத்பேஸ்ட் வாசனை அடித்தது.

ஐப்பசி மழையில் பாதி நனைந்து, குடையை மடக்கிக்கொண்டு ஏறிய முத்தமிழ் முதலில் அதைத்தான் கவனித்தாள். அப்புறம்தான் அவனை. தோளில் கண்டக்டர் பையை மாட்டிய ஒருவன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த டிவிக்குக் கீழே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு சினிமா டிஸ்க். அதில் பேஸ்ட்டைப் பிதுக்கி, விரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அட கடவுளே... டிஸ்க்குக்குப் பல் விளக்குறானே!

சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. க்ளுக்கென்று வெளியே வந்துவிட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. கோபமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் திரும்பினான், பாவம். ஆனால் அந்தக் கண்களுக்குக் கோபம் வராது போலிருந்தது... சும்மா பார்த்தாலே ஏதோ விளையாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. முத்தமிழ் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழையைப் பார்க்கிறாளாம்!

"என்னங்க சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லைங்க. பேஸ்ட் மட்டும் போதுமா, பிரஷ்ஷும் வேணுமான்னு யோசிச்சேன்."

"டிஸ்க்ல கீறல் இருக்குங்க. பேஸ்ட்டு போட்டுத் தேச்சா போயிடும். ஊரே அப்படித்தான் பண்ணுது. திருச்சியில போய்த் தேடி வாங்கிட்டு வந்தேன், புதுப்படம். ஒண்ணுகூட ஓட மாட்டேங்குது. கடைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான்."

"குடுங்க, பாப்போம்."

கைக்குட்டையால் பேஸ்ட்டைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை.

"இது டிவிடிங்க. உங்க பஸ்ல இருக்கறது விசிடி பிளேயரு. அதுக்கு இதைப் படிக்கவே தெரியாது. டீசல் வண்டியில பெட்ரோலை ஊத்திட்டு, பங்க்குக்காரனைத் திட்டுவீங்களா?"

டிரைவர் சீட்டிலிருந்து பெரிய சிரிப்பு ஒன்று கிளம்பியது. "நல்லா கேளு கண்ணு! நாலு நாளா தேய்க்கிறான். எம் பல்லு விளக்கக்கூட வூட்டுல பேஸ்ட் இல்ல."

அந்த டிரைவர்தான் அரியமுத்து. பஸ்ஸுக்கு முதலாளியும் அவரே. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த அந்த ஒற்றை பஸ்ஸுக்குத் தன் மனைவியின் பெயரையே வைத்திருந்தார்... 'கொளஞ்சியம்மாள்'. கண்டக்டர் அவருடைய ஒரே மகன் பாலசுந்தரம். பஸ்ஸுக்குள் டிவி மாட்டினால் கூட்டம் அள்ளும் என்று அப்பாவிடம் மல்லுக்கட்டி மாட்டியவன். கூட்டம் அள்ளவில்லை. அதே ரோட்டில் ஓடும் 'ஹுஸ்னா' பஸ்ஸில் புத்தம்புது டிவிடி பிளேயர் இருந்தது. இங்கேயோ அரதப்பழசு.

"நீங்க என்னா, டிவி மெக்கானிக்கா?" மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான் பாலா.

"கம்ப்யூட்டர் டீச்சர். அரியலூர் ஒண்ணு குடுங்க."

அவன் டிக்கெட்டைக் கிழித்த வேகத்தில் பக்கத்து டிக்கெட்டும் சேர்ந்து கிழிந்தது. அவளுக்கு மறுபடியும் சிரிப்பு.

வழி முழுக்க மழை. பேரளி தாண்டியதும் அரியமுத்து வண்டியை ஓட்டிக்கொண்டே மகனை வறுத்தெடுக்க ஆரம்பித்தார். பஸ்ஸே கேட்டது. "தை பொறக்கட்டும்டா. அதுக்குள்ள இந்த டிவியால நாலு பேரு கூட ஏறுனா சரி. இல்லன்னா இதக் கழட்டிக் கடாசிட்டு, ஒன்னைய மஸ்கட்டுக்கு உங்க மாமங்கிட்ட அனுப்பிடுவேன். ஒனக்கு இந்தத் தொழிலு வராது."

பாலா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். வயல், வண்டி, ரோட்டுப் புளியமரம் எல்லாவற்றையும் விட்டுப் போகப்போகிறவன் பார்க்கிற பார்வை. முத்தமிழுக்கு ஏனோ நெஞ்சு கனத்தது. இவ்வளவு சிரித்திருக்க வேண்டாமோ...

அரியலூரில் இறங்கும்போது கையை நீட்டினாள்.

"அந்த டிஸ்க்கக் குடுங்க. விசிடியா மாத்தித் தரேன்."

"மாத்த முடியுமா?"

"முடியும். இன்டர்நெட்ல ஓசியாவே சாஃப்ட்வேர் இருக்கு. டிவிடியில உள்ள படத்தைக் கம்ப்யூட்டர்ல இறக்கி, உங்க பிளேயருக்குப் புரியற மாதிரி சின்னதாக்கி, சிடியில ஏத்தணும். நான் பாடம் எடுக்கற கம்ப்யூட்டர் சென்டர்ல ஓட விட்டுட்டுப் போனா காலையில ரெடியா இருக்கும். கரண்டு போகாம இருக்கணும், அவ்வளவுதான்."

"எதுக்குங்க எனக்காக இவ்வளவு சிரமம்?"

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. ஒரு மாசமா ஹுஸ்னா பஸ்ல வரேன். எந்தப் படம் போட்டாலும் பாதியில அரியலூர் வந்துடுது. எனக்குக் கிளைமாக்ஸ் பாக்கணும்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். குடையை விரிக்க மறந்தது சென்டர் வாசலில்தான் தெரிந்தது.

*

அங்கேதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

ஒரு படம் எப்படியும் ஒரு சிடியில் கொள்ளாது. வெட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கண்ட இடத்தில் வெட்டுவானேன்? பெரம்பலூரில் ஏறி அரியலூரில் இறங்குகிற நேரத்துக்குச் சரியாக வெட்டினால்? காலை பஸ்ஸில் முதல் துண்டு. சாயங்கால பஸ்ஸில் அடுத்தது. மறுநாள் காலை கிளைமாக்ஸ். முதல் துண்டின் முடிவிலேயே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு அட்டை: 'மீதி சாயங்காலம்... இதே பஸ்ஸில்.'

மறுநாள் பஸ்ஸில் முதல் துண்டு ஓடியது. கதாநாயகி கிணற்றில் தவறி விழுகிற இடத்தில் பட்டென்று அட்டை வந்தது. பஸ் அரியலூர் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது.

"அடப்பாவிங்களா!" என்று அலறினாள் வெங்காய மூட்டையோடு தினமும் வருகிற ஜானகியக்கா. "பொண்ணு பொழச்சாளா இல்லையாடா? எழுத்துல என்னா போட்டிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது, யாராச்சும் படிங்களேன்!"

யாரோ படித்துச் சொன்னார்கள். சாயங்காலம் ஜானகியக்கா தன்னோடு ஏழெட்டுப் பேரை இழுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

அவ்வளவுதான். அடுத்த வாரமே வாரணவாசி வருவதற்குள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. முன்னால் வந்த ஹுஸ்னாவை விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு கொளஞ்சியம்மாளுக்காக ஜனங்கள் காத்திருந்தார்கள். ஹுஸ்னா கண்டக்டர் தௌஃபீக், லெப்பைக்குடிக்காட்டுக்காரன், ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டேய் மாப்ள, என்னாடா மந்திரம் பண்ற?" என்று கத்திக்கொண்டே போனான்.

முத்தமிழ் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுப்பாள். பாலா பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பான். விரல்கள் பட்டும் படாமலும்... ஐயோ, அந்த ஒரு நொடிக்காகவே அவள் குரும்பலூரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து ஓடி வருகிறாளோ என்று அவளுக்கே சந்தேகம்.

"இதெல்லாம் எப்படிங்க பண்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"மொதல்ல டிஸ்க்கத் தொறக்கணும். உள்ள படம் துண்டு துண்டாக் கெடக்கும். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து இறக்கணும். அப்புறம் அளவு. நீளம் அகலம் சரியா குடுக்கலன்னா ஆளெல்லாம் நசுங்கிடும். அப்புறம் சத்தம். வாயசைக்கறதுக்கும் சத்தத்துக்கும் பொருந்துதான்னு பாக்கணும்... கேக்குறீங்களா?"

"ம்... கேக்குறேன்."

எங்கே கேட்டான்? அவள் பேசும்போது மேலேறி இறங்குகிற புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, நான் இப்ப என்னா சொன்னேன்?"

"புருவம்..."

"என்னாது?"

"இல்லைங்க, துருவம்... வடதுருவம்னு ஏதோ சொன்னீங்களே!"

அவள் சிரித்த சிரிப்பில் ஜானகியக்கா திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெற்றிலையை மென்றபடி ஒன்றும் தெரியாதவள் போல முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு காலை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டிரைவர், கண்டக்டர்கள் கூட்டம். எல்லோர் வாயிலும் கொளஞ்சியம்மாள் பஸ் பேச்சுதான். அரியமுத்து டீயை ஆற்றிக்கொண்டே மகனின் தோளில் கையைப் போட்டார். பாலாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் அப்படிக் கை போட்டதே இல்லை.

"ஆமா, இந்த வெட்டு ஒட்டு வேலையெல்லாம் யாருடா பண்றது?"

ஒரே ஒரு வார்த்தைதான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தோளில் அந்தக் கை... சுற்றிலும் அத்தனை முகங்கள்... நாக்கு புரண்டுவிட்டது.

"நான்தான்பா. எல்லாம் நானே கம்ப்யூட்டர்ல உக்காந்து பண்றேன்."

"எம் புள்ளடா!" என்றார் அரியமுத்து, கூட்டத்தைப் பார்த்து.

பாலா திரும்பினான். மூன்றடி தள்ளி முத்தமிழ் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அருகில் வந்து, மாற்றாத டிவிடியை மட்டும் அவன் கையில் வைத்தாள். கைப்பைக்குள் இன்னொரு கை எதையோ இறுகப் பிடித்திருந்தது. அதை எடுக்கவில்லை.

"இந்தாங்க." குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. "எல்லாத்தையும் நீங்களே பண்றீங்களாமே... கிளைமாக்ஸையும் நீங்களே பண்ணிக்கோங்க."

நேராகப் போய் ஹுஸ்னாவில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கண் நிறைந்தது. எனக்கு மாலை மரியாதையா கேட்டேன்? 'அந்த டீச்சர்தான் பண்ணுது'ன்னு சொல்ல என்னா கேடு? என் பேரைச் சொல்றதுல அவ்வளவு கூச்சமா... அப்ப நான் யாரு இவனுக்கு?

கைப்பைக்குள் இருந்த டிஸ்க்கை இன்னும் ஆழத்தில் தள்ளினாள்.

*

கொளஞ்சியம்மாளில் அன்றைக்குப் பெரிய ரகளை.

"கிளைமாக்ஸ் எங்கடா?" ஜானகியக்கா வெங்காய மூட்டைமேல் ஏறி நிற்காத குறை. "தாலி கட்டுற எடத்துல நிறுத்திட்டு நேத்து அனுப்பிட்ட. ராவு பூரா எனக்குத் தூக்கம் வரல!"

"நாளைக்குப் போட்டுடுவான்" என்றார் அரியமுத்து, கம்பீரமாக. "அவனே பண்றவன்தானே!"

பாலா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினான். சீட்டுகளுக்கு நடுவே நடந்தான். அவள் உட்காருகிற மூன்றாவது சீட்டில் யாரோ ஒருத்தர் சாக்குப்பையோடு உட்கார்ந்திருந்தார். அந்தச் சாக்குப்பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்பா மஸ்கட்டுக்கு அனுப்புவதைவிட இதுதான் வலித்தது. அவள் இல்லாத பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினால் என்ன?

பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தான். இன்டர்நெட்டில் தேடி, அதே இலவச சாஃப்ட்வேரை இறக்கினான். இறங்குவதற்குள் டீக்கடைக்குப் போய் வந்துவிட்டான். புருவத்தைப் பார்த்த நேரத்தில் காதிலும் கொஞ்சம் விழுந்திருந்தது, நல்லவேளை.

முதல் தடவை கதாநாயகன் நசுங்கிப்போய்க் குள்ளமாக, அகலமாக வந்தான். அடுத்த தடவை ஆள் சரி, சத்தம் முந்திக்கொண்டது. வில்லன் கையை ஓங்குவதற்கு முன்பே கதாநாயகி "ஐயோ அம்மா" என்று அலறினாள். அப்புறம் கரண்டு போயிற்று. பாலா தலையில் கை வைத்துக்கொண்டான். இத்தனையையும் அவள் சிரித்த முகத்தோடு செய்து, கைக்குட்டையில் சுற்றித் தந்திருக்கிறாள். இவன் ஒரே வாயில் 'நான்தான்பா' என்று விழுங்கிவிட்டான். வெட்கமாக இருந்தது.

கடைசியில் படம் வந்துவிட்டது. ஓரளவுக்கு.

இனி அட்டை. தமிழில் தட்டினால் கட்டம் கட்டமாக வந்தது. அவள் எப்படி அவ்வளவு அழகாகத் தமிழில் போட்டாள் என்று புரியவே இல்லை. வேறு வழியில்லாமல், படம் வரைகிற பக்கத்தைத் திறந்து, மவுஸைப் பிடித்துக் கையாலேயே எழுதினான். எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே. 'மு' யானைக்குட்டி மாதிரி வந்தது. பரவாயில்லை என்று அதையே ஒட்டினான்.

இரண்டு டிஸ்க் போட்டான். ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக ஹுஸ்னா பஸ்ஸிடம் போனான்.

"என்னா மாப்ள, பகையாளி வண்டிக்கே படம் தர்ற?" தௌஃபீக்குக்கு ஆச்சரியம்.

"அவங்க உன் வண்டியிலதான் வராங்க பாய்."

"யாரு... ஓ! அந்த டீச்சரா?" தௌஃபீக் டிஸ்க்கை வாங்கி நெஞ்சில் ஒற்றிக்கொண்டான். "இன்ஷா அல்லாஹ், ஓட்டிடுவோம். ஆனா கல்யாண பிரியாணி எங்க ஊரு சமையக்கார பண்டாரிதான் ஆக்கணும், சொல்லிட்டேன்!"

"மொதல்ல அவங்க எம் பக்கம் திரும்பிப் பாக்கட்டும் பாய்..."

"உங்கப்பாருக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத் தெரிஞ்சுடும். அவரு மஸ்கட்டுக்கு அனுப்புனா போறேன். பொய்யச் சொல்லிட்டு இங்க இருக்க முடியல."

*

அன்றும் மழை. காலம் தப்பிய மார்கழி மழை, சும்மா பொழிந்து தள்ளியது.

ஹுஸ்னாவில் இடப்பக்க ஜன்னலோரம் முத்தமிழ். டிவியில் ஏதோ படம் ஓடியது. "முன்னாடி என்னா நடந்துச்சுன்னே தெரியல, கிளைமாக்ஸ மட்டும் போடுறானுவ!" என்று பின்சீட்டுக்காரர் சலித்துக்கொண்டார்.

கிளைமாக்ஸா? அவள் நிமிர்ந்தாள். அவள் படம்தான்! ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை. சத்தம் ஒரு இழை பிந்துகிறது. இது அவள் செய்தது இல்லை. அப்படியானால்...

சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அரியலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. முதல் ஆளாகக் கொளஞ்சியம்மாள் நின்றுகொண்டிருந்தது. தௌஃபீக் விசிலை ஊதி, "அண்ணே, பக்கத்துல அணைங்க, பக்கத்துல!" என்று டிரைவரைக் கெஞ்ச, ஹுஸ்னாவும் வழக்கம்போல ராங் சைடில் ஏறி, அதன் வலப்பக்கத்தில் ஒட்டி நின்றது. இப்போது முத்தமிழின் ஜன்னலுக்கு நேரே அரியமுத்துவின் டிரைவர் சீட்டு.

கொளஞ்சியம்மாளுக்குள் திடீரென்று கசமுசா. அங்கே படம் முடிந்துவிட்டது போலிருந்தது.

"என்னாமோ கோணல்மாணலா எழுதிருக்கே, படிங்கடி!" ஜானகியக்காவின் குரல். உடனே பஸ் முழுவதும் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உரக்கப் படித்தது.

"இத்தனை நாள்... படம் மாத்துனது... நான் இல்லை. முத்தமிழ் டீச்சர். நான் செய்தேன் என்று... எங்க அப்பாவிடம் சொன்னது... பொய். கண்டக்டர் பாலசுந்தரம்!"

மழைச் சத்தத்தையும் மீறி அவள் பெயர் இந்த பஸ்ஸுக்குள் வந்து விழுந்தது. முத்தமிழ் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே எழுத்துகள் இப்போது அவள் கண்ணெதிரே, ஹுஸ்னாவின் திரையில். அந்த யானைக்குட்டி 'மு'. அது போய், இன்னொரு அட்டை வந்தது. இது இந்த டிஸ்க்கில் மட்டும் இருந்தது.

'டீச்சர், உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மூணாவது சீட்டு காலியா இருக்கு.'

ஹுஸ்னாவே கொல்லென்று சிரித்து விசிலடித்தது.

எட்டிப் பார்த்தாள். பாலா இறங்கி வந்து, இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. தன் அப்பாவைப் பார்த்து நின்றான், தலை குனியாமல்.

"தப்பு எம்மேலதான்பா. மஸ்கட்டு போகச் சொன்னா போறேன்."

சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் வண்டி தடதடவென்று கடந்துகொண்டிருந்தது. அரியமுத்து பெட்டிகளை எண்ணுகிறவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியும் போனபின் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். மகனைப் பார்த்து இல்லை. முத்தமிழைப் பார்த்து.

"ஏங் கண்ணு, டிஸ்க்குக்குப் பேஸ்ட்டப் போட்டுத் தேச்ச பய... இவன் பண்ணான்னு நான் நம்புனேன்னா நெனச்ச? என்னைக்கு வாயத் தொறந்து உண்மையச் சொல்றான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். சொல்லிட்டான்ல? இனிமே மஸ்கட்டாவது, மண்ணாங்கட்டியாவது! இந்தப் பயலுக்காக வேண்டாம். இந்த வண்டிக்கு நீ வேணும்மா. வந்து ஏறு."

முத்தமிழ் எழுந்தாள். தௌஃபீக் வழிவிட்டுக் குனிந்து சலாம் வைத்தான். மழையில் இறங்கினாள். குடையை இன்றைக்கும் விரிக்கவில்லை.

"சத்தம் ஒரு இழை பிந்துது" என்றாள், அவன் முன்னால் நின்று.

"சரி டீச்சர்."

"ஓரத்துல கறுப்புப் பட்டை விழுது."

"சரி டீச்சர்..."

"எழுத்து சகிக்கல."

"திரும்பச் சொல்லிக் குடுங்க. இந்தத் தடவை புருவத்தப் பாக்காம கேக்குறேன்."

"பாத்துக்கிட்டே கேளுங்க, பரவால்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. அதை மறைக்கக் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றிய டிஸ்க்.

"இதுதான் நான் பண்ண கிளைமாக்ஸ். அன்னைக்கு டீக்கடைக்கு இதைக் குடுக்கத்தான் வந்தேன். நீங்க மட்டும் தனியாப் பாக்கணும்னு நெனச்சேன்..." ஒரு மூச்சு விட்டாள். "இப்ப எல்லாரும் பாக்கட்டும். கடைசிக்கு ஓட்டிப் போடுங்க."

கேட் திறந்தது. பின்னாலிருந்த சிமெண்ட் லாரிகள் ஹாரனை அலறவிட்டன. அரியமுத்து வண்டியை நகர்த்தவில்லை. "பொறுங்கய்யா!" என்று திரும்பிக் கத்தினார்.

பாலா அவளோடு பஸ்ஸுக்குள் ஏறினான். டிஸ்க்கைப் போட்டான். கடைசிக்கு ஓட்டினான். கறுப்புத் திரையில், அச்சுக் கோத்தது போல அழகான எழுத்துகள். அவன் படித்தான். படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"ஏண்டா சிலையா நிக்கிற? என்னா போட்டிருக்கு? படிங்கடி!" என்றாள் ஜானகியக்கா.

முத்தமிழ் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பஸ் முழுவதும் ஒரே குரலாக, அரியலூருக்கே கேட்கும்படி படித்தது.

"இந்தப் படத்தின் கதாநாயகனை விட... இந்த பஸ்ஸின் கண்டக்டரைத்தான்... எனக்குப் பிடிச்சிருக்கு!"

அரியமுத்து கியரைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே கேட்டைத் தாண்டினார்.